வந்ததை எழுது

போன வெள்ளிக்கிழமை ராத்திரி அண்ணன் போன் பண்ணினார். பி ஷிஃப்ட் முடிந்து வந்து, தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்த நேரம். மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

"ஏம்மா, நீயாவது அவளுக்குச் சொல்லு. ஃபிசிக்ஸ்தான் படிப்பேன்னு ஒரே பிடிவாதம். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுன்னா கேக்கல, பி.காம். எடுன்னா கேக்கல. இஞ்சினியரிங்னா கூட சரின்னு விட்டுடலாம். ஆர்ட்ஸ் காலேஜ்ல போயி ஃபிசிக்ஸ் படிச்சா ஓசூர்ல எந்தக் கம்பெனிக்காரன் வேலை தருவான்?"

பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது: "அத்தையே அதைத்தானே படிச்சாங்க."

அண்ணன் மகள் காவேரிப்பட்டணத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மார்க் நன்றாகவே வந்திருக்கிறது. அண்ணனின் கவலையை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவள் நான். அந்த மூன்று வருஷப் பஸ் காசும் புத்தகக் காசும் அண்ணன் மாந்தோப்பில் காய் பறித்து, கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை பார்த்துக் கொடுத்தது. கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. அன்று ராத்திரி அரைத் தூக்கத்தில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் வரும். அவர் படிப்பார், அவளும் படிப்பாள்.

முதலில் அந்த 'ஆர்ட்ஸ் காலேஜ்'. எங்கள் பக்கம் அந்த வார்த்தையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். மெடிக்கல், இஞ்சினியரிங், நர்சிங், பாலிடெக்னிக் எதுவும் கிடைக்காதவர்கள் போய்ச் சேரும் இடம் என்ற அர்த்தம் அதற்குள் இருக்கும். நான் படித்தது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு கலைக் கல்லூரியில். முதல் நாள் வாசலில் நின்று பெயர்ப்பலகையைப் படித்தபோது எனக்கு ஒரு குழப்பம் வந்தது. கலை என்றால் பாட்டு, கூத்து, ஓவியம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், கலைக் கல்லூரியில் இயற்பியல் எப்படி வந்தது? வகுப்பில் யாரிடமும் கேட்கவில்லை. பதில் இரண்டாம் வருஷம் கல்லூரி நூலகத்தில், ராமனைப் பற்றிய ஒரு பழைய புத்தகத்தில் கிடைத்தது.

1904-ல் சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் முதலிடம் பிடித்து, இயற்பியலுக்குத் தங்கப் பதக்கமும் வாங்கித் தேறிய பட்டம் பி.ஏ. 1907-ல் வாங்கியது எம்.ஏ. இயற்பியலில் நோபல் பரிசு பெற்றவர் கையில் இருந்த சான்றிதழில் 'ஆர்ட்ஸ்' என்றுதான் எழுதியிருந்தது. அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகரும் அதே கல்லூரியில் இயற்பியல் படித்து 1930-ல் முடித்தார். அந்த வருஷமே இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, செத்துப்போகும் நட்சத்திரம் ஒன்று எவ்வளவு நிறை வரைக்கும் தன்னைத் தாங்கி நிற்கும் என்று கணக்குப் போட்டார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அவருடைய அம்மா சீதாலட்சுமி, இப்சன் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கியவர். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை 1975-ல் சிகாகோவில் ஷேக்ஸ்பியரையும் நியூட்டனையும் பீத்தோவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சொற்பொழிவு ஆற்றினார் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ராமன் தன்னை உருவாக்கிய புத்தகங்கள் என்று மூன்றைச் சொல்லியிருக்கிறார். புத்தர் வாழ்க்கையைப் பாடும் எட்வின் ஆர்னால்டின் 'ஆசிய ஜோதி' காவியம், யூக்ளிடின் வடிவியல், ஒலியையும் இசையையும் பற்றிய ஹெல்ம்ஹோல்ட்ஸின் நூல். ஒரு கவிதை, ஒரு கணக்கு, ஒரு இசை. ஐரோப்பாவில் பழைய காலத்தில் 'லிபரல் ஆர்ட்ஸ்' என்று ஏழு கலைகளை வைத்திருந்தார்கள்: இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். கடைசி நான்கும் இன்றைய கணக்கில் இயற்பியலுக்குச் சொந்தக்காரர்கள். ஆக, கலைக் கல்லூரிக்குள் இயற்பியல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதில்லை. அது அங்கே பழைய குடி.

இதற்கு ராமனின் மிருதங்க ஆய்வைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் அதில் பிறக்கும் மேல்சுரங்கள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் வராது. அதனால்தான் தகர டின் மேல் கட்டிய தோலில் சத்தம் வரும், சுரம் வராது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் கறுப்பாக ஒரு கரணை பூசியிருப்பார்கள். அந்தக் கரணையின் எடை தோலின் அதிர்வை மாற்றி, மேல்சுரங்களை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. 1920-ல் சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் ராமன் இதை எழுதினார். சமன்பாடு தெரியாத மிருதங்கக்காரர்கள் காதால் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்ததை அவர் முதலில் மதித்தார், பிறகு அளந்தார். அந்த வரிசைதான் எனக்குப் பிடிக்கும்.

தமிழ்நாட்டு பி.எஸ்சி. படித்தவர்களுக்குத் தெரியும்: பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று மேஜர் பாடமும் அலைடு பாடங்களும் (எங்களுக்குக் கணிதமும் வேதியியலும்), அப்புறம் சுற்றுச்சூழல் கல்வி, என்.எஸ்.எஸ். என்று பகுதி நான்கும் ஐந்தும். பெரிய பல்கலைக்கழகங்கள் இப்போது லிபரல் ஆர்ட்ஸ் என்று புதிதாகக் கொண்டுவந்ததுபோல் விளம்பரம் செய்வதன் அஸ்திவாரம் எங்கள் அரசுக் கல்லூரிகளில் எப்போதிருந்தோ இருக்கிறது. நாங்கள் அதற்குப் பேர் வைக்கவில்லை. பெரும்பாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் இல்லை. மேஜர் மட்டும்தான் படிப்பு, தமிழ் பாஸானால் போதும் என்று சீனியர்கள் சொல்லித் தந்தார்கள். நானும் முதல் செமஸ்டர் அப்படித்தான் நினைத்தேன்.

தமிழ் வகுப்புக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்று துறைப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருவோம். நூறு பேருக்கு மேல். தமிழ் ஐயா மைக் இல்லாமல் பேசுவார். ஒருநாள் அகப்பாட்டின் மூன்று பொருள்களை நடத்தினார். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். அதற்குப் பிறகுதான் கருப்பொருள், அந்த இடத்தில் இருக்கும் மரம், பறவை, மனுஷர், தொழில். அதற்கும் பிறகுதான் உரிப்பொருள், மனசுக்குள் நடப்பது. இடமும் காலமும் சொல்லாமல் எதையும் சொல்லத் தொடங்காதே என்று தொல்காப்பியம் கவிஞனுக்குச் சொல்கிறது என்றார். அதற்கு முந்தின பீரியட் எங்களுக்கு மெக்கானிக்ஸ். ஆய அச்சுகள், காலம், இடப்பெயர்ச்சி. அங்கேயும் முதலில் இடமும் காலமும், பிறகு பொருள், பிறகு அதன்மேல் செயல்படும் விசை. இரண்டும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சொன்னால் இரண்டுக்கும் அநியாயம். ஆனால் ஒரே பகலில் அந்த இரண்டு வகுப்பிலும் உட்கார்ந்திருந்த பதினெட்டு வயசுப் பெண்ணுக்கு உடம்பு சிலிர்த்தது. 'இயல்' என்ற சொல் முத்தமிழில் முதலில் நிற்கிறது, இயற்பியலின் கடைசியிலும் நிற்கிறது என்று நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

இனி லேப். அண்ணா, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

லேபில் எனக்கு ஜோடியாக வந்தவள் தளிக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு, ஊரில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், காலேஜ் புத்தகத்தில் இங்கிலீஷ். நம் எல்லைப் பக்கத்தில் இது சாதாரணம். அவள் அளவை தெலுங்கில் எண்ணிச் சொல்வாள், நான் எழுதுவேன், சண்டை மட்டும் தமிழில். இரண்டாம் வருஷம் எங்களுக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்தது. இருட்டறை. சோடியம் விளக்கைப் போட்டால் முதலில் ரோஜா நிறத்தில் எரியும், ஐந்து பத்து நிமிஷம் கழித்துத்தான் சுத்த மஞ்சளுக்கு வரும். பட்டகத்தை மேடையில் வைத்து, தொலைநோக்கி வழியாக அந்த மஞ்சள் கோட்டைப் பிடிக்க வேண்டும். மேடையை மெதுவாகத் திருப்பினால் கோடு நகரும். நகர்ந்துகொண்டே போகும். ஒரு இடத்தில் தயங்கி நிற்கும். அதற்கு மேல் அதே பக்கம் திருப்பினாலும் கோடு வந்த வழியே திரும்பிப் போகும். அந்தத் தயங்கும் இடம்தான் சிறும விலகல். அந்தக் கோணம் கிடைத்தால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் கிடைத்துவிடும். பட்டகக் கோணம் 60 டிகிரி, விலகல் 39 டிகிரி என்றால் 1.52.

கோடு திரும்பியதை நான் முதன்முதலில் பார்த்த அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்தேன். யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அது தானாகவே திரும்புகிறது. மதுரையிலும் திரும்பும், மாஸ்கோவிலும் திரும்பும். ஸ்பெக்ட்ரத்துக்கு 'நிறமாலை' என்று தமிழில் பேர் வைத்தவர் யாரோ, அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

எல்லா லேபிலும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விடை என்ன வர வேண்டும் என்று எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும். புவியீர்ப்பு முடுக்கம் 980. கண்ணாடி 1.52. ஆகவே விடையிலிருந்து பின்பக்கமாகக் கணக்குப் போட்டு அளவுகளை எழுதிவிடுவார்கள். குக்கிங் என்று அதற்குப் பேர். நாங்களும் முதல் வருஷம் தனி ஊசலில் அதைச் செய்தோம். எங்கள் அப்சர்வேஷன் நோட்டில் புவியீர்ப்பு முடுக்கம் அட்சரம் பிசகாமல் 980 என்று இருந்தது. எங்கள் மேடம் அதைப் பார்த்துவிட்டு, திட்டவில்லை. "இந்த ஊர்ல உண்மையிலேயே அது 978 பக்கம்தான்மா. நாம பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கோம், மேட்டுலயும் இருக்கோம். 980 புத்தகத்தோட நம்பர். உங்க ஊசல் என்ன சொல்லிச்சு?" என்று கேட்டார். எங்கள் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு 978-க்கும் 980-க்கும் வித்தியாசம் பார்ப்பது கஷ்டம், அது அவருக்கும் தெரியும். அவர் கேட்டது வேறு. "965 வந்தா 965-னு எழுது. ஏன் வந்திச்சுன்னு கீழ எழுது. வந்ததை எழுதும்மா."

அன்றைக்கு மறுபடி முதலிலிருந்து எடுத்தோம். 971 வந்தது. 971 என்றே எழுதினோம். நூலின் நீளத்தைக் குண்டின் நடு வரைக்கும் அளக்காமல் மேல்பகுதி வரைக்கும் அளந்திருந்ததைக் கண்டுபிடித்ததும் அந்த 971-ஆல்தான். 980 என்று எழுதியிருந்தால் அந்தத் தப்பு இன்னும் எங்களோடு இருந்திருக்கும்.

ஓசூர் கதைக்கு வருகிறேன். எங்கள் தலைமுறைக்கு ஓசூர் என்றால் சிப்காட் தொழிற்பேட்டை. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் அங்கிருந்து வெளியே வந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்ட் லாரி, கொஞ்சம் கழித்து டைட்டன் வாட்ச், இந்தப் பத்து வருஷத்தில் மின்சார ஸ்கூட்டரும் செல்போன் பாகமும். மூன்றாம் வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் ஃப்ளிப் ஃப்ளாப் நடத்தியபோது, சார் கையில் இருந்த குவார்ட்ஸ் வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உள்ளே சின்னக் கவை மாதிரி வெட்டிய குவார்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கிறது, மின்சாரம் பட்டால் விநாடிக்கு 32,768 தடவை அதிரும், ஏன் அந்த எண் தெரியுமா என்று கேட்டார். இரண்டைப் பதினைந்து தடவை பெருக்கினால் 32,768. ஒவ்வொரு ஃப்ளிப் ஃப்ளாப்பும் அதிர்வைப் பாதியாக்கும். பதினைந்து படி இறங்கினால் விநாடிக்கு ஒன்று. முள் ஒரு அடி வைக்கும். 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்த அழுத்த மின் விளைவு, எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் வாட்சாக மாறிக்கொண்டிருந்தது. வகுப்பில் இருந்த பாதிப் பேரின் அக்காவோ மாமாவோ சிப்காட்டில் வேலை. அன்று முதல் முறையாகப் பாடமும் சிப்காட்டும் எங்களுக்கு ஒரே இடத்தில் நின்றன.

ஆனால் வேலை தேடிப் போனபோது சிப்காட்டில் அந்தப் பாடத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். இன்டர்வியூவில் என் சான்றிதழைப் பார்த்தவர் "டிப்ளமோ இல்லையா?" என்று கேட்டுவிட்டு ஃபைலை மூடினார். இன்னொரு இடத்தில் பேக்கிங்கில் போட்டார்கள். ஏழு மாசம் அட்டைப்பெட்டி ஒட்டினேன். அந்த ஏழு மாசம் வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அண்ணன் கேட்கும் கேள்வியை அப்போது நானே தினமும் கேட்டுக்கொண்டேன். பிறகு ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் கேட்டார்கள், போனேன். வெர்னியர் பார்க்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். மீச்சிற்றளவு என்றால் என்ன என்று கேட்டார்கள். அதற்கு நான் கொஞ்சம் நேரம் பேசினேன்.

அங்கே ஒரு ஷாஃப்ட். டயா 50 மில்லி, டாலரன்ஸ் மொத்தமே 16 மைக்ரான், அதாவது நம் தலைமுடியின் தடிமனில் நாலில் ஒரு பங்கு கூட இருக்காது. கிரைண்டிங் மெஷினில் ஆபரேட்டர் ஒவ்வொன்றையும் டயல் கேஜில் வைத்துப் பார்த்து ஓகே போடுவார். மறுநாள் காலையில் ஸ்டாண்டர்ட் ரூமில் பார்த்தால் பாதிக்கு மேல் அண்டர்சைஸ். ரிஜெக்ட். மூன்று நாள் இப்படி. ஆபரேட்டர் பொய்யாக எழுதுகிறார் என்று பேச்சு கிளம்பியது. அவர் அந்த மெஷினில் இருபது வருஷம் நின்றவர். கண் கலங்கிப் போயிருந்தார். "நான் வந்ததைத்தான்மா எழுதினேன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மெஷினிலிருந்து இறங்கிய ஷாஃப்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சுட்டது. டயல் கேஜை செட் பண்ணும் மாஸ்டரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. சூடு பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வந்து வைத்ததில் ஷாஃப்ட் 45 டிகிரி, மாஸ்டர் 28. இரும்பு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் பதினொன்றரைப் பங்கு விரியும். 50 மில்லிக்கு 17 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 10 மைக்ரான். டாலரன்ஸில் பாதிக்கு மேல் சூட்டிலேயே போய்விட்டது. அவர் சூடாக இருக்கும்போது சரியாக அளந்தார். ராத்திரி முழுக்க ஆறிச் சுருங்கியதை, 20 டிகிரியில் வைத்திருக்கும் ஸ்டாண்டர்ட் ரூமில் அவர்களும் சரியாக அளந்தார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நீளம் அளக்க உலகம் பூராவும் 20 டிகிரி என்று வைத்திருப்பதே இந்தத் தகராறுக்காகத்தான். ஒரு ஷாஃப்டை எடுத்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்து, வரைபடம் போட்டு மேனேஜர் முன்னால் வைத்தேன். அன்றிலிருந்து ஷாஃப்ட் ஆறும் வரைக்கும் ரேக்கில் காத்திருக்கும், மாஸ்டரும் அதன் பக்கத்திலேயே இருக்கும். ரிஜெக்ட் நின்றது.

"நீ என்னம்மா படிச்சிருக்க?" என்று அந்த ஆபரேட்டர் அண்ணன் கேட்டார். "ஆர்ட்ஸ் காலேஜ்ல ஃபிசிக்ஸ்ணா" என்றேன். குரல் இறங்கவில்லை.

இந்தக் கதையை வைத்து, பார்த்தீர்களா, ஃபிசிக்ஸ் படித்தால் கம்பெனியில் உபயோகம் உண்டு என்று முடித்துவிட எனக்கு மனசில்லை. நேர்கோட்டு விரிவு பாலிடெக்னிக்கிலும் நடத்துகிறார்கள். படிப்பின் பலனைக் கம்பெனி வாசலில் மட்டும் வைத்து எடைபோடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. அதற்கு எங்கள் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவின் அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிப் போய், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கினார். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. உலகத்திலேயே மிக ஆழமானவற்றில் ஒன்று. மூன்றாம் வருஷம் அணுக்கரு இயற்பியலில் காஸ்மிக் கதிர் பாடம் வந்தபோது, "இதுல ஒரு முக்கியமான வேலை நமக்குப் பக்கத்துல, கே.ஜி.எஃப்.லதான் நடந்தது" என்று சார் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அதற்கு மேல் பாடம் காதில் ஏறவில்லை.

வானத்திலிருந்து மியூவான் என்ற துகள்கள் நம்மேல் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கின்றன. உள்ளங்கையை நீட்டினால் விநாடிக்கு ஒன்றாவது அதன் வழியாகப் போகும். அந்தக் கூச்சலுக்கு நடுவில், பூமியையே ஊடுருவிப் போகும் நியூட்ரினோவின் சத்தம் கேட்காது. ஆகவே மேலே பாறையைக் கூரையாகப் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போக வேண்டும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் 1951-லேயே தங்கவயலுக்கு வந்துவிட்டார்கள். ஆழம் கூடக்கூட மியூவான் குறைவதை அளந்துகொண்டே இறங்கினார்கள். வாரக்கணக்கில் கருவியை வைத்துக் காத்திருந்தும் ஒன்றுகூடப் பதிவாகாத ஆழம் வந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் சுழி. அந்த அமைதிதான் தங்களுக்கு வேண்டியது என்று அவர்களுக்குப் புரிந்தது. ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகக்காரர்களோடு சேர்ந்து 1965-ல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ பாறையில் மோதி உண்டாக்கிய மியூவானைப் பிடித்தார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் அதே சமயத்தில் பிடித்தது. மனுஷன் அதைப் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை.

அந்த வார இறுதியில் தாத்தாவிடம் போய்க் கேட்டேன். அப்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "பம்பாய் ஆளுங்க" என்றார். "பெட்டி பெட்டியா வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. தங்கம் எடுக்க மாட்டாங்க. என்னா பண்றாங்கன்னு எங்களுக்குத் தெரியாது, கேட்டதும் இல்ல." நான் நியூட்ரினோ என்றால் என்ன என்று சொன்னேன். எடையை இன்னும் அளக்க முடியாத அளவுக்குச் சின்னது, மின்னூட்டம் கிடையாது, இப்போது நம் இரண்டு பேர் உடம்பு வழியாகவும் கோடி கோடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீ இதைத்தான் படிக்கிறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லாப் படி" என்றார். 2001-ல் சுரங்கத்தை மூடியதற்கப்புறம் அந்த ஊரைப் பற்றி அவர் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

அந்த மத்தியானத்துக்குச் சிப்காட்டில் சம்பளம் கிடையாது. ஆனால் மூன்று வருஷப் படிப்பில் எதைக் கொடுத்தாலும் அதை விட்டுத்தர மாட்டேன்.

அத்திப்பள்ளி தாண்டி சர்ஜாபூர்ப் பக்கம் திரும்பினால் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இயற்பியல் படிக்கும் பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்து சமூகம், வரலாறு பற்றிய பொதுப் பாடங்கள் படிக்கிறார்கள், எழுதப் பழகுகிறார்கள், ஊர்களுக்குப் போய்த் தங்குகிறார்கள். நல்ல விஷயம். அண்ணன் மகளுக்கு அங்கே விண்ணப்பிக்க மனசிருந்தால் நான் கூடவே போவேன். ஆனால் கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது கிடைக்காது. பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருக்கும் அரசுக் கல்லூரிதான் நம்முடைய லிபரல் ஆர்ட்ஸ். அங்கே தமிழும் இருக்கிறது, இருட்டறையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் கிடைத்தால் போதும். எனக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். மூன்று வருஷத்தை வேலைப் பயிற்சி மட்டும் என்று சுருக்கப் பார்ப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: திறன் வகுப்பு நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, லேப் நேரத்தில் கை வைக்காதீர்கள். மூன்று மணி நேரம் ஒரு கோடு தயங்குவதற்காகக் காத்திருப்பதை வேறு எங்கேயும் கற்றுக்கொள்ள முடியாது.

அண்ணனுக்குத் தேவையான பதிலையும் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. முடித்துவிட்டு ஜாம் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிஎச்.டி. வரைக்கும் வழி இருக்கிறது. எழுத ஒரு வருஷமாவது உண்மையாக உழைக்க வேண்டும். பி.எட். முடித்தால் பள்ளிக்கூடம். டி.என்.பி.எஸ்.சி.க்குப் பட்டம் போதும். எழுத்தாளர் சுஜாதாவும் அப்துல் கலாமும் திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பி.எஸ்சி. முடித்த பிறகுதான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் பொறியியல் படிக்கப் போனார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பஸ் காசுக்கு உங்களிடம் நிற்க மாட்டாள். முதல் வேலை நல்லதாகக் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், எனக்கே கிடைக்கவில்லை. அந்த ஏழு மாசம் அவளுக்கும் வரலாம். வந்தால் என் வீட்டில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஓசூருக்கு வந்தாள். எதுவும் புத்தி சொல்லவில்லை. என்னிடம் ஒரு பழைய லேப் தெர்மாமீட்டர் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கேட்டேன். "நூறு" என்றாள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது, காற்றின் அழுத்தம் இங்கே குறைவு, அளந்து பார் என்றேன். பாத்திரத்தை வைத்தோம். குமிழி நன்றாகக் கிளம்பிய பிறகு 98-ல் நின்றது. என் கணக்குப்படி 97 பக்கம் வந்திருக்க வேண்டும். தெர்மாமீட்டரே தப்பா இருந்தா, என்று அவளாகவே கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸை எடுத்து நொறுக்கித் தண்ணீரில் போட்டு அதில் நட்டு வைத்தோம். சுழிக்கு வரவில்லை, ஒன்றில் நின்றது. "அப்போ ஒன்று கழிக்கணும்" என்று எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ் ஏறும்போது தெர்மாமீட்டரைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். காவேரிப்பட்டணம் 500 மீட்டர் பக்கம்தான், அங்கே என்ன வரும் என்று அவளே சொல்லட்டும் என்று நான் எதுவும் சொல்லவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணன் நம்பரிலிருந்து போன். அவள்தான்.

"அத்தை, 99-க்கும் 100-க்கும் நடுவுல நிக்குது. கோட்டுல நிக்கல. என்னான்னு எழுதறது?"

"எத்தனை தடவை எடுத்த?"

"ஒரு தடவைதான்."

நான் பேசாமல் இருந்தேன். அந்தப் பக்கம் லைட்டர் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணன் குரல், கொஞ்சம் தள்ளி: "இரு, தண்ணி நான் ஊத்தறேன்."